முயலைக் கொல்லும் வைரஸ் எங்கே பிறந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில், துணி காயப்போடும் இடத்தை ஒட்டிய மூலையில், பஞ்சு என்று ஒரு முயல் வாழ்கிறது. 2020 செப்டம்பரில், சிங்கப்பூரில் முதன்முறையாக முயல் ரத்தக்கசிவு நோய் கண்டறியப்பட்டது என்று செய்தி வந்த அன்று என் கைப்பேசி ஓயவில்லை. வேறு வைரஸ்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதால், "உனக்குத் தெரியுமே" என்று எல்லாரும் என்னிடமே வந்தார்கள். எதிர்வீட்டு ஆன்ட்டி, முயல் வளர்க்கும் நண்பர்கள், பள்ளித் திட்டவேலைக்காக என் அக்கா மகன் என ஆளாளுக்குக் கேட்டதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் வார்த்தையை அதிகம் திருத்தவில்லை.

முதலில், இது என்ன நோய்?

ஐரோப்பிய முயலின் கல்லீரலைக் குறிவைக்கும் வைரஸ். நாம் வீட்டில் வளர்க்கும் முயல் எந்த நிறமானாலும், காது தொங்கினாலும் நிமிர்ந்தாலும், எல்லாம் இந்த ஐரோப்பிய இனம்தான். பழைய வகை வைரஸ் தொற்றி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் காய்ச்சல் வரும், கல்லீரல் செல்கள் கூட்டமாகச் சாகும், உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் உண்டாகும். பல முயல்கள் எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரென்று செத்துக் கிடக்கும். காலையில் கீரை தின்ற முயல் மறுநாள் இல்லை என்று வளர்ப்பவர்கள் சொல்வதில் மிகை எதுவும் கிடையாது.

வைரஸ் கலிசிவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நமக்கு வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ் இதற்குத் தூரத்துப் பங்காளி.

சிங்கப்பூரில் காட்டு முயலே கிடையாதே, காட்டு முயல் கதை நமக்கு எதற்கு?

நியாயமான கேள்வி. பூங்காவில் எப்போதாவது முயல் தென்பட்டால், அது யாரோ கொண்டுவந்து விட்டுப் போனதாகத்தான் இருக்கும். செல்லப்பிராணியைக் கைவிடுவது இங்கே சட்டப்படி குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம் வீட்டு முயலைக் கொல்லும் வைரஸின் வம்ச வரலாறு முழுக்கக் காட்டு முயல்களிடமும் பண்ணை முயல்களிடமும்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் எந்தத் தடுப்பூசி எதற்கு வேலை செய்யும் என்பதுகூடப் புரியாது.

1984இல் சீனாவில் தோன்றியது என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே?

"தோன்றியது" என்ற சொல்லில்தான் தகராறு. 1984இல் சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில், வூஷி நகரப் பக்கம், அங்கோரா முயல்கள் கூட்டமாகச் செத்தன. ஓராண்டுக்குள் சீனாவில் சுமார் 14 கோடி வளர்ப்பு முயல்கள் போயின. அங்கே நோய் முதலில் கண்ணில் பட்டது என்பது உண்மை. கண்ணில் பட்ட இடமும் பிறந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என் அக்கா மகனுக்கு நான் சொன்னது: "உன்னை எல்லாரும் முதலில் பார்த்தது நீ பிறந்த கேகே மருத்துவமனையில். அதற்காக நம் வம்சமே அது இருக்கும் புக்கிட் தீமா ரோட்டில் ஆரம்பித்தது என்று சொல்வாயா?"

செத்த அந்த அங்கோரா முயல்கள் ஜெர்மனியிலிருந்து அப்போதுதான் இறக்குமதியானவை. விசாரணை அங்கிருந்துதான் திரும்புகிறது.

அப்படியென்றால் ஜெர்மனியா?

ஐரோப்பா என்று சொல்லலாம். ஒரே ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் நான் நழுவிவிடுவேன்.

இதற்கு நல்ல சாட்சி பழைய ரத்தம். பிரிட்டனில் வேறு வேலைகளுக்காக 1950களிலிருந்து சேர்த்து உறையவைத்த காட்டு முயல்களின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) இருந்தது. நோய் பரவி, அதைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் வந்த பிறகு, யாரோ அந்தப் பழைய குப்பிகளை எடுத்துச் சோதித்தார்கள். 1984க்குப் பல ஆண்டுகளுக்கு முந்திய ரத்தத்தில், ஆரோக்கியமாகத் துள்ளிக்கொண்டிருந்த முயல்களின் ரத்தத்தில், இந்த வகை வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) இருந்தது. சீனாவில் ஒரு முயல் சாவதற்கு முன்பே பிரிட்டிஷ் முயல்களுக்கு இந்தக் குடும்பத்தோடு பழக்கம் உண்டு என்று அர்த்தம்.

அப்புறம் 1996இல் இத்தாலியில், நலமாக இருந்த பண்ணை முயல்களிடம் ஒரு சாதுவான கலிசிவைரஸ் அகப்பட்டது. குடலில் குடியிருக்கும், கல்லீரலைத் தொடாது, முயலுக்கு ஒன்றும் ஆகாது. கொலைகார வைரஸுக்கு நெருங்கிய உறவு. பிரிட்டிஷ் குப்பிகளில் தெரிந்த எதிர்ப்பொருள் இத்தகைய சாதுகளால் வந்ததாகவும் இருக்கலாம், ஏனென்றால் எதிர்ப்பொருள் குடும்பப் பெயரைச் சொல்லுமே தவிர ஆளின் பெயரைச் சொல்லாது.

மரபணு எழுத்துகளை வைத்து வைரஸின் வம்சத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

இந்த ஒரு கேள்விக்கு நேரம் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

பழைய ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மூல ஏடு கையில் இல்லை. ஊர் ஊராகக் கிடைத்தவை எல்லாம் நகலின் நகல்கள். ஏடு பெயர்த்து எழுதுகிறவர் எங்காவது கண் அசருவார், ஓர் எழுத்து மாறும். அதைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார், கூடத் தன் பங்குக்கு ஒன்று. ஆகவே ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு ஏடுகள் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை. பாடபேதம்தான் வம்சாவளி.

காப்பிக்கடையில் அக்கா மகனுக்கு டிஷ்யூ பேப்பரில் எழுதிக் காட்டினேன்:

முதல் ஏடு: முயல் வந்தது மூலையில் நின்றது
இரண்டாம் ஏடு: மயில் வந்தது மூலையில் நின்றது
மூன்றாம் ஏடு: மயில் வந்தது சாலையில் நின்றது
நான்காம் ஏடு: முயல் வந்தது மூலையில் தின்றது

"மூன்றாவது எதிலிருந்து வந்தது?" என்று கேட்டேன். "இரண்டாவதுலேர்ந்து மாமா, ரெண்டுலயும் மயில் இருக்கே" என்றான். நான்காவது? அது முயல் பக்கத்துக் கிளை, மயிலோடு சம்பந்தம் இல்லை. அவ்வளவுதான், அவனே ஒரு மரம் வரைந்துவிட்டான்.

அப்புறம் ஐந்தாவது வரியை எழுதினேன்: மயில் வந்தது சாலையில் தின்றது. பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். முன்பாதி மூன்றாம் ஏடு, பின்பாதி நான்காம் ஏடு. இது எந்தக் கிளையில் உட்காரும்? எந்தக் கிளையிலும் முழுசாக உட்காராது. இரண்டு சுவடிகளின் ஓலைகள் கலந்து ஒரே கட்டாகிவிட்டன. ஒரே முயலின் ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்கள் நுழைந்து நகலெடுக்கும்போது இதுதான் நடக்கிறது, நகலெடுக்கும் நொதி ஒன்றில் ஆரம்பித்துப் பாதியில் மற்றதற்குத் தாவுகிறது. மறுசேர்க்கை என்பார்கள். முயல் வைரஸ் குடும்பத்தில் இது அடிக்கடி நடக்கும், அதுவும் பெரும்பாலும் ஒரே இடத்தில்: நகலெடுக்கும் கருவிகளுக்கான மரபணுக்கள் முடிந்து வெளியுறைப் புரதத்துக்கான மரபணு தொடங்கும் எல்லையில்.

இதனால் "இந்த வைரஸின் மூதாதை யார்?" என்று ஒருமையில் கேட்பதே சில சமயம் தப்பு. உறைக்கு ஒரு தாத்தா, கருவிகளுக்கு வேறொரு தாத்தா. ஆய்வாளர்கள் இரண்டு பகுதிக்கும் தனித்தனி மரம் வரைவது அதற்காகத்தான்.

எத்தனை வருடத்துக்கு முன்னால் பிரிந்தது என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

இந்த வைரஸின் மரபணு ஆர்.என்.ஏ.வால் ஆனது, நீளம் ஏறக்குறைய 7,400 எழுத்து. இந்த வைரஸின் நகலெடுப்பில் பிழை திருத்தும் ஆள் கிடையாது. ஆயிரம் எழுத்துக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் மாற்றம் நிலைக்கிறது, மொத்த நீளத்துக்கும் பார்த்தால் ஆண்டுக்கு ஏழிலிருந்து பதினைந்து வரை. எந்த ஆண்டில் எடுத்த மாதிரி என்று தேதி தெரிந்த வரிசைகளை அடுக்கி, மாற்றங்களை எண்ணி, வேகத்தைக் கணித்து, பின்னோக்கிப் போகலாம். இதை மூலக்கூறுக் கடிகாரம் என்பார்கள். அப்படிப் போகும்போது கிளைகள் 1984க்கு முன்பே பிரிகின்றன. உறைந்த சீரமும் இந்தக் கணக்கும் தனித்தனி வழியாக வந்து ஒரே பக்கம் கை காட்டுவதால்தான் எனக்கு இதில் நம்பிக்கை.

ஒரு எச்சரிக்கை: மறுசேர்ந்த வரிசையை முழுசாக எடுத்துக் கடிகாரத்தில் போட்டால் கடிகாரம் உளறும். ஐந்தாம் ஏட்டைப் பையன் எங்கே வைப்பது என்று திணறியது நினைவிருக்கிறதல்லவா?

சாதுவாக இருந்தது ஏன் கொலைகாரனாக மாறியது?

மூன்று விளக்கங்கள் மேசையில் இருக்கின்றன. ஐரோப்பிய முயல்களின் குடலில் இருந்த சாது வைரஸே படிப்படியாக மாறிக் கல்லீரலுக்குப் போகக் கற்றுக்கொண்டது என்பது ஒன்று. இரண்டு சாதுகள் மறுசேர்ந்து ஒரு முரடன் பிறந்தான் என்பது இன்னொன்று. வேறு இனத்திடமிருந்து, உதாரணமாக அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட பஞ்சுவால் முயலிடமிருந்து, தாவியது என்பது மூன்றாவது. ஐரோப்பியக் குழிமுயல்களை (ஆங்கிலத்தில் hare, நம் வீட்டு முயலிலிருந்து வேறான இனம்) கொல்லும் உறவுக்கார வைரஸ் ஒன்று 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் தெரியவந்தது, ஆக இந்தக் குடும்பத்துக்கு இனம் தாவுவது புதிதல்ல. கடைசி இரண்டையும் நான் தள்ளிவிடமாட்டேன், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் முதலாவதில்தான் கட்டுவேன். தொழிற்சாலை மாதிரி முயல்களை அடைத்து வளர்த்து, நாடு விட்டு நாடு ஏற்றுமதி செய்த காலமும் நோய் வெடித்த காலமும் ஒன்றாக வருவதை என்னால் தற்செயல் என்று விட முடியவில்லை.

2010இல் வந்த இரண்டாம் வகை என்ன? அதுதானே சிங்கப்பூருக்கு வந்தது?

ஆமாம், 2020இல் இங்கே கண்டது இரண்டாம் வகைதான். 2010இல் பிரான்சில் தடுப்பூசி போட்ட பண்ணை முயல்களே சாக ஆரம்பித்தபோது இது பிடிபட்டது. வரிசையைப் பார்த்தால், பழைய வகை மாறி மாறி வந்த பிள்ளை இல்லை இது. வெளியுறை மரபணுவில் எழுத்துக்கு எழுத்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வித்தியாசம். 1984இலிருந்து 2010க்குள் அவ்வளவு தூரம் நடந்துவர நேரம் போதாது. ஆக, தனியாக வெகுநாள் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் இருந்த இன்னொரு கிளை.

நடத்தையும் வேறு. பழைய வகை எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும், பிழைத்த குட்டிக்கு ஆயுள் முழுக்க எதிர்ப்பும் கிடைக்கும். காட்டு முயல் கூட்டங்கள் தேறி வந்ததற்கு இந்தக் குட்டிகளே காரணம். இரண்டாம் வகை மூன்று வாரக் குட்டியையும் கொல்கிறது. குழிமுயல்களையும் விடவில்லை. 2020இல் அமெரிக்காவின் தென்மேற்கில் அந்த நாட்டுக் காட்டு முயல்களையே கொன்றது.

ஆரம்பத்தில் இதன் கொல்லும் விகிதம் பழையதைவிடக் குறைவு. சில ஆண்டுகளில் ஏறிவிட்டது. நடுவில் ஐபீரியத் தீபகற்பத்தில் பழைய வகையின் கருவி மரபணுக்களைத் தூக்கித் தன் உறையோடு சேர்த்துக்கொண்ட மறுசேர்க்கைகள் கிடைத்தன. சாது வைரஸின் கருவிகளோடு சேர்ந்தவையும் கிடைத்தன. ஐந்தாம் ஏடு!

ஸ்பெயினும் போர்ச்சுகலும் இந்த முயலின் சொந்த மண். அங்கே ஐபீரிய லின்க்ஸ் பூனை முயலை நம்பித்தான் வாழ்கிறது. உலகம் முழுக்கப் பெருகிக் கிடக்கும் முயல், பிறந்த மண்ணில் அழியும் நிலை இனமாக 2019இல் பட்டியலில் ஏறியது. எங்கள் வீட்டு மூலையில் கேரட் கேட்டுத் தரையைத் தட்டும் இந்தப் பிராணியா என்று எனக்கு நம்பச் சற்று நேரம் பிடித்தது.

ஆஸ்திரேலியாவில் ஆய்வகத்தில் தயாரித்து வெளியே விட்டார்களாமே?

தயாரிக்கவில்லை. விட்டது உண்மை, அதுவும் முதல் தடவை தானாகவே போய்விட்டது. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் விக்டோரியாவில் தன் பண்ணைக்கு வரவழைத்த 24 முயல்கள் பெருகிக் கண்டத்தையே தின்றன. அவற்றைக் குறைக்கச் செக்கஸ்லோவாக்கியாவில் எடுத்த இயற்கை வைரஸ் வகை ஒன்றைத் தென் ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் தனிமைப்படுத்திச் சோதித்தார்கள். 1995 அக்டோபரில் அது கடல் தாண்டிப் பெருநிலத்துக்குப் போய்விட்டது. பெரும்பாலும் ஈக்கள் சுமந்து போயிருக்கும் என்கிறார்கள். நியூசிலாந்தில் அரசு வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தும், 1997இல் யாரோ கள்ளத்தனமாகக் கொண்டுவந்தார்கள். விவசாயிகள் செத்த முயலின் உறுப்புகளைச் சமையலறை மிக்சியில் அரைத்துத் தெளித்தார்கள். அந்த மிக்சியில் அடுத்த நாள் என்ன அரைத்தார்கள் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

வம்ச ஆராய்ச்சிக்கு இங்கே ஒரு பரிசு கிடைத்தது. வறண்ட பகுதிகளில் முயல்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன, குளிர்ந்த ஈரமான தென்கிழக்கில் அந்த அளவுக்கு இல்லை. 1995க்கு முன் எடுத்த முயல் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருந்தது. 2009இல் காரணம் கையில் அகப்பட்டது: ஆஸ்திரேலிய முயல்களிடமே ஒரு சாதுக் கலிசிவைரஸ் இருந்தது, அது ஓரளவு பாதுகாப்புத் தந்துகொண்டிருந்தது.

எந்த வைரஸும் நாளாக நாளாகச் சாதுவாகிவிடும் அல்லவா?

கொரோனா காலத்தில் இதைத் தினமும் கேட்டேன். முயல்களிடமே இரண்டு வைரஸ்கள் எதிர் எதிர் பதில் சொல்கின்றன.

மிக்சோமா என்னும் வைரஸ் தென் அமெரிக்கக் காட்டு முயலுக்குச் சின்னக் கட்டி மட்டும் தரும், ஐரோப்பிய முயலைக் கொன்றுவிடும். 1950இல் ஆஸ்திரேலியாவில் விட்டபோது நூற்றுக்கு 99க்கு மேல் செத்தன. மனிதருக்கு ஆபத்தில்லை என்று காட்ட ஃபிராங்க் ஃபென்னர், மெக்ஃபார்லேன் பர்னெட், இயன் க்ளூனிஸ் ராஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மூவரும் அதைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் நடுத்தரக் கடுமையுள்ள வகைகள் மேலோங்கின. காரணம் கொசு. உயிரோடு இருக்கும் முயலைத்தான் கொசு கடிக்கும், முயல் சீக்கிரம் செத்தால் வைரஸுக்கும் நஷ்டம்.

ரத்தக்கசிவு வைரஸுக்கு அந்தக் கவலை கிடையாது. செத்த உடலில் ஈ மொய்க்கும், ஈயின் காலில் ஏறிப் போய்விடும். கொல்வதால் அதற்கு இழப்பில்லை. ஆஸ்திரேலியாவில் ஆண்டுகள் போகப்போக அதன் கடுமை கூடியதாகத்தான் சோதனைகள் காட்டின.

முயலின் மரபணுவிலும் தடயம் இருக்குமா?

இருக்கிறது. 1865 முதல் 1956 வரை சேகரித்த அருங்காட்சியக முயல்களை, சார்ல்ஸ் டார்வினிடம் இருந்த ஒன்று உட்பட, இன்றைய முயல்களோடு ஒப்பிட்டார்கள். பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா மூன்றிலும் மிக்சோமாவுக்குப் பிறகு அதே எதிர்ப்பு மரபணுக்கள் அதே திசையில் நகர்ந்திருந்தன. இந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ரத்தக்கசிவு வைரஸ் விஷயத்தில் தடயம் சர்க்கரையில் இருக்கிறது. நம் ஏ, பி, ஓ ரத்தவகை போன்ற சர்க்கரைகளைப் பிடித்துத்தான் அது ஒட்டுகிறது. கடும் தொற்றுக்குப் பின் பிரான்சில் மிஞ்சிய முயல்களில், வைரஸ் சரியாகப் பிடிக்க முடியாத சர்க்கரை கொண்டவை அதிகம் இருந்தன.

மனிதருக்கு வருமா? பூனைக்கு?

வராது. நாய், பூனைக்கும் நோய் தராது. ஆனால் நம் கையும் செருப்பும் சுமந்து போகும்.

சரி, பஞ்சுவுக்கு என்ன செய்கிறீர்கள்?

இரண்டாம் வகைக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் தடுப்பூசியை ஆண்டுக்கு ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் போட்டுக்கொள்கிறோம். பழைய வகைக்கு மட்டுமான ஊசியை நம்ப முடியாது என்பதை 2010இல் பிரெஞ்சுப் பண்ணைகள் கற்றுத் தந்துவிட்டன. ஜன்னலுக்குக் கொசுவலை. வேறு முயலைத் தொட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகே கூண்டுப் பக்கம். இந்த வைரஸுக்குக் கொழுப்புறை இல்லை, அதனால் வெளியில் வாரக்கணக்கில், குளிரில் மாதக்கணக்கில் தாங்கும். சானிடைசரைத் தேய்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. தரைக்கு நீர்த்த பிளீச்தான்.

முயல் திடீரென்று இறந்துவிட்டால் உடனே புதைக்காதீர்கள், குப்பைக் குழாயிலும் போடாதீர்கள். உறையில் கட்டிக் குளிரில் வைத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். வரிசை படிக்கக் கல்லீரலில் ஒரு துண்டு போதும். எதிர்வீட்டு ஆன்ட்டி இதைக் கேட்டுவிட்டு, "உன் வீட்டு ஃபிரிட்ஜிலா வைப்பே?" என்று முகத்தைச் சுளித்தார். ஆமாம் ஆன்ட்டி, மீன் தட்டுக்குக் கீழே, மூன்று பை போட்டு.